எலீசுக்குக் காய்ச்சல் எப்போது வந்தது

நவ. 1, சனி

காலையிலிருந்து மழை. காலேஜ் லீவு. மாடி அறை ஒட்டடை அடித்து முடித்தேன். தும்மல் நிற்கவில்லை. நாளைக்கு எலீஸ் வருகிறாள்.

ஆக்னஸ் மேடம் ஆளுக்கொரு நோட்டு கொடுத்திருக்கிறார். மாணவர் பரிமாற்றத்தில் போகிறவர்கள் தினமும் பிரெஞ்சில் எழுதிக் கடைசியில் ஒப்படைக்க வேண்டுமாம். அதில் நல்ல பிள்ளையாக எழுதுவேன். இந்த நோட்டு எனக்கு. தமிழில். அலமாரியில் பழைய துப்பட்டாக்களுக்கு அடியில்.

ஏற்பாடு இதுதான். எலீஸ் மூன்று வாரம் எங்கள் வீட்டில். ஜனவரியில் நான் மூன்று வாரம் அவள் வீட்டில், பிரான்சில். பி.ஏ. பிரெஞ்சு இரண்டாம் ஆண்டில் முப்பத்தொரு பேர், இடம் இரண்டு. ஒன்று எனக்கு! இந்த வீட்டில் எந்தப் பெண்ணும் சென்னை தாண்டித் தனியாகப் போனதில்லை.

நடுவில் இரண்டு முட்டுக்கட்டை.

ஒன்று, என்னைப் பெற்ற அத்தா. "மொதல்ல அந்தப் புள்ள வந்து நம்ம வீட்ல இருந்துட்டுப் போவட்டும். அப்புறம் நீ போறதப் பேசலாம்." சரி என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. தார்ப்பாய்க் கடையில் பேரம் பேசுகிற அதே குரல்.

இரண்டு, ஒப்புதல் தாள். எலீஸ் ஊருக்குக் கிளம்பும்போது, என் பெயர் போட்டு, 'நஸ்ரினை எங்கள் வீட்டில் தங்கவைக்கச் சம்மதம்' என்று கையெழுத்துப் போட வேண்டும். போட்டால்தான் என் டிக்கெட்.

செய்ய வேண்டியவை:
மெத்தை உறை
கொசுவலைக் கிழிசல் தைக்க
ஃப்ளஷ் ரிப்பேர் (பிளம்பர் மூன்று நாளாக "தோ வந்துட்டேன்")
அம்மாவிடம் காரம் பாதி என்று சொல்ல
சி ஃபாரம்

கடைசியில் எழுதியிருப்பதுதான் சிக்கல். வெளிநாட்டுக்காரர் யார் வீட்டில் தங்கினாலும் வீட்டுக்குச் சொந்தக்காரர் ஒரு நாளைக்குள் அரசாங்கத்தில் பதிய வேண்டும். அதுதான் சி ஃபாரம். சொந்தக்காரர் கையெழுத்து, வீட்டுப் பத்திர நகல் வேண்டும். நாங்கள் இருக்கிற வீடு அத்தாவின் அண்ணன், என் பெரியத்தா பெயரில். மாடியில் முன் அறையில் இருக்கிறார்.

பெரியத்தா எதிலும் கையெழுத்துப் போட மாட்டார். கேஸ் சிலிண்டர் வந்தால்கூட "பாப்பா, நீ போடு" என்பார். பிரான்சு சம்பந்தப்பட்ட தாள் என்றால் கேட்கவே வேண்டாம். பிரெஞ்சுக்காரன் இந்த ஊரை விட்டுப் போனபோது அவருடைய சின்னத்தா பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்று கையெழுத்துப் போட்டாராம். இவர் அத்தா போடவில்லை. அந்தக் குடும்பம் அங்கே போய்விட்டது, நாங்கள் இங்கே. இருபது வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. "ஒரு கையெழுத்து, ஒரு குடும்பம் ரெண்டாப் போச்சு" என்று மாதம் ஒருமுறையாவது சொல்வார். நான் பிரான்சு போவதிலும் அவருக்கு இஷ்டமில்லை. இப்போது ஃபாரத்தை நீட்டினால் எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்திவிடுவார்.

நாளைக்குக் கேட்கிறேன்.

நவ. 2, ஞாயிறு

வந்துவிட்டாள். ஆறடிக்குக் கொஞ்சம் குறைவு. நிலைப்படியில் நெற்றியை இடித்துக்கொண்டு, "வண்க்கம்" என்றாள். அம்மா ஓடிப் போய்த் தேங்காய் எண்ணெய் எடுத்து வந்து நெற்றியில் தேய்த்தார். அந்தப் பெண் அசையாமல் நின்றாள்.

புவியியல் மாணவி. கடல் அரிப்பைப் பற்றிப் படிக்க வந்திருக்கிறாள். பெரியத்தா பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். அவர் ஒரு வரி பேசியதும் எலீஸ் முகம் மலர்ந்தது. பெரியத்தா எனக்குத் தெரிந்து முதல் தடவையாகச் சட்டை போட்டுக்கொண்டு சாப்பிட வந்தார். எலீஸ் நெய்ச்சோறு இரண்டு தட்டு, தாளிச்சா நாலு கரண்டி.

கேட்கவில்லை. இவ்வளவு சந்தோஷமாக இருக்கும்போது எப்படி?

நவ. 3, திங்கள்

வகுப்பு முடிந்ததும் ஆ. மேடம் பட்டியலோடு நின்றார். "நஸ்ரின், சி ஃபாரம்?"

"குடுத்தாச்சு மேடம்."

பச்சை மையில் ஒரு டிக். அவ்வளவுதான். ரெண்டு செகண்ட் வேலை.

நாளைக்குப் பெரியத்தாவிடம் கேட்டுக் கொடுத்துவிட்டால் பொய் உண்மையாகிவிடும். ஒரு நாள் தாமதம், யார் பார்க்கப் போகிறார்கள்?

நவ. 5, புதன்

வெயில். மா. 4 மணிக்கு எலீசோடு குருசுக்குப்பம் கடற்கரை. அவளுக்குக் கரையில் கொட்டியிருக்கிற பாறாங்கல்லையெல்லாம் அளக்க வேண்டும். டேப்பின் ஒரு முனை என் கையில். மீன் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மா: "இன்னாமா, கல்ல அளக்குறா? எடுத்துக்குனு போவப் போறாளா?" பக்கத்திலிருந்தவர்: "எடுத்துக்குனு போனா அவ ஊட்டாண்ட கொட்டிக்கட்டும், இங்க கொட்டி இன்னா ஆச்சு." எலீஸ் என்ன சொன்னார்கள் என்று கேட்டாள். மொழிபெயர்த்தேன். நோட்டில் எழுதிக்கொண்டாள், வார்த்தைக்கு வார்த்தை. நான் சொல்வதை அப்படியே எழுதுகிறாள். சரிபார்ப்பதே இல்லை.

கல் இடுக்கெல்லாம் மழைத் தண்ணீர். கொசு பிடுங்கித் தள்ளிவிட்டது.

பெரியத்தாவிடம் இன்றும் கேட்கவில்லை. ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். சாக்கு, சாக்கு, சாக்கு. என் மூஞ்சி!

நவ. 7, வெள்ளி

உயிர் போய்த் திரும்பி வந்தது.

ஜும்மா முடிந்து எல்லாரும் சாப்பிட்டு எழுந்த நேரம். வாசலில் பைக். போலீஸ். "நஸ்ரின் யாரும்மா? பாஸ்போர்ட்டு விசாரணை." என் பாஸ்போர்ட்டுக்கு நானே விண்ணப்பித்தது எனக்கே மறந்திருந்தது.

அவர் கூடத்தில் உட்கார்ந்து என்னிடம் பேர், வயசு, படிப்பு எல்லாம் கேட்டுக்கொண்டிருக்கும்போது, எலீஸ் தலைக்குக் குளித்துவிட்டு முடியை உதறிக்கொண்டே மாடியிலிருந்து இறங்கி வந்தாள். "வண்க்கம்!"

"இது யாருங்க?"

பேப்பரை மடக்காமலே பெரியத்தா சொன்னார்: "நம்ம ஊட்டுப் புள்ளதான்."

"பிரான்சு சொந்தமா?"

"ம்."

போலீஸ்காரர் சிரித்தார். "எங்க தெருவுலயும் வருஷா வருஷம் வந்துடுவாங்க சார். டிசம்பர் வந்தா பாதிப் பாரீசு இங்கதான் கீது." டீ குடித்தார், போய்விட்டார். வேறு ஊராக இருந்தால் ஒரு வெள்ளைக்காரப் பெண் முஸ்லிம் வீட்டு மாடியிலிருந்து இறங்கி வந்தால் ஒன்பது கேள்வி வந்திருக்கும். இங்கே வீட்டுக்கு வீடு பிரான்சு சொந்தம். வெளிநாடுவாழ் இந்தியர் அட்டை வைத்திருக்கிற அந்தச் சொந்தக்காரர்கள் எந்த ஃபாரமும் கொடுத்து யாரும் பார்த்ததில்லை. ஆனால் எலீஸ் சொந்தம் இல்லையே.

அப்புறம் பெரியத்தாவிடம், "ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்றேன்.

"நம்ம ஊட்ல சோறு துன்ற புள்ள, பின்ன யாரு புள்ள?"

அவருக்குப் பொய் சொன்னோம் என்ற நினைப்பே இல்லை. அந்த நிமிஷம் கேட்டிருக்கலாம். வாயைத் திறந்தேன், "டீ போடவா" என்று கேட்டேன். இப்போது போலீசிடமும் ஒரு பொய் ஏறிவிட்டது. இனி ஃபாரம் கொடுத்தால், இத்தனை நாள் எங்கே இருந்தாள் என்று கேட்பார்கள். எலீஸ் ஊருக்குப் போகும்வரை இப்படியே ஓட்டிவிடலாம். இன்னும் பதினஞ்சு நாள்.

மேடத்தின் நோட்டில் இன்றைக்கு எழுதியது: 'வீட்டில் எல்லோரும் எலீசுடன் மகிழ்ச்சியாக உள்ளனர்.'

நவ. 9, ஞாயிறு

அத்தா காலையில் சேலம் கிளம்பிவிட்டார், சரக்கு எடுக்க. மழை சீசன், தார்ப்பாய் பறக்கிறது. புதன் சாயங்காலம்தான் வருவார்.

மத்தியானம் கோழிக்குழம்பை எலீஸ் தொடவில்லை. கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்றாள். தொட்டால் நெருப்பு. அம்மா: "டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போடி."

"பிரயாணக் களைப்பும்மா. வெயில்ல கல்லு அளந்தா இல்ல."

ஏன் அப்படிச் சொன்னேன்? எனக்குத் தெரியும், எழுதித் தொலைக்கிறேன். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் வெளிநாட்டுக்காரர் என்றால் பாஸ்போர்ட், விசா, சி ஃபாரம். அங்கே மாட்டிக்கொள்வேன். மேடத்துக்குப் போகும். என் பெயரை அடித்துவிட்டு வெயிட்டிங்கில் இருக்கிற சிந்துவைப் போட்டுவிடுவார்.

மெடிக்கல் ஷாப்பில் பாராசிட்டமால் ஒரு அட்டை. "யாருக்கும்மா?" "எனக்குத்தாண்ணே."

நவ. 10, திங்கள்

காலேஜ் போகவில்லை. மேடத்துக்கு வாட்சாப்: 'எலீசுக்கு லேசான ஜலதோஷம். நான் கூட இருக்கிறேன்.' மேடம்: 'குட் கேர்ள்.'

மாத்திரை போட்டால் இறங்குகிறது. நாலு மணி நேரம் கழித்துத் திரும்ப ஏறுகிறது. கஞ்சி கொடுத்தேன், இரண்டு வாய். எலும்பெல்லாம் உடைகிற மாதிரி இருக்கிறதாம். "இங்கே இப்படிக் காய்ச்சல் வருவது சாதாரணமா?" என்று கேட்டாள்.

"ரொம்ப சாதாரணம்" என்றேன்.

நம்பிவிட்டாள். தலையணையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருந்தது. ஆனாலும் எழுந்து ஆட்டோ கூப்பிடவில்லை. அதையும் எழுதி வைக்க வேண்டும்.

கிழிந்த கொசுவலையை இன்றைக்குத்தான் தைத்தேன். அறிவு!

நவ. 11, செவ்வாய்

தெருவில் மருந்துப் புகை அடித்துக்கொண்டு போனார்கள். எதிர் வீட்டு அக்கா பால்காரரிடம்: "கருவடிக்குப்பத்துல எங்க நாத்தனார் பையனுக்கு டெங்குவாம்ப்பா, கோரிமேட்டு ஆஸ்பத்திரில சேத்துருக்கு." ஜன்னல் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஜன்னலைச் சாத்தினேன்.

அம்மா சமையலறையில் கரண்டியை வைத்துவிட்டு என் முன்னால் வந்து நின்றார். "ஞாயித்துக்கெழமையே சொன்னேன். யாரோ பெத்த புள்ள. நீ கூட்டிட்டுப் போறியா, நான் கூட்டிட்டுப் போவட்டுமா?"

"நாளைக்குக் காலைல பாத்துட்டு..."

"நாளைக்கு நாளைக்குன்னு நீ எதுக்குடி தள்ளுற?"

சாயங்காலம் காய்ச்சல் குறைந்தது. 99. அல்ஹம்துலில்லாஹ்! அம்மாவிடம் தெர்மாமீட்டரைக் காட்டினேன். அம்மா அதைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார்.

நவ. 12, புதன்

ஆஸ்பத்திரி வராந்தாவில் எழுதுகிறேன். பேனா இரவல். வரிசையாக எழுதினால்தான் புரியும், எனக்கே.

கா. 6. காய்ச்சல் இல்லை. ஆனால் எலீஸ் எழுந்து நிற்க முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு மூன்று தடவை வாந்தி. கை கால் சில்லென்று. கூப்பிட்டால் பாதிக் கண்தான் திறக்கிறாள். கத்தினேன். பெரியத்தா ஓடி வந்தார். அவளைக் கைத்தாங்கலாக இறக்கினோம். அம்மா வீட்டில். ஆட்டோவில் இங்கே, பக்கத்து ஆஸ்பத்திரி.

கா. 7. பெரியத்தா பதிவு செய்யப் போனார். நானும் எலீசும் உள்ளே. டியூட்டி டாக்டர் சின்ன வயசு. கேஸ் ஷீட்டில் குனிந்தபடியே, "எப்போலேர்ந்து காய்ச்சல்?" என்று இங்கிலீஷில் எலீசைக் கேட்டார். அவளுக்கு இங்கிலீஷ் எல்லாம் போய்விட்டது. பிரெஞ்சில் ஞாயிறு என்றாள். புரியவில்லையோ என்று கையைத் தூக்கி மூன்று விரல் காட்டினாள்.

நான் அந்தக் கையைப் பிடித்தேன். ஆறுதலாகப் பிடிக்கிற மாதிரி. மூன்று விரலும் என் கைக்குள் மடங்கின.

"நேத்து சாயங்காலத்துலேர்ந்து டாக்டர்."

நான்தான் சொன்னேன். மூன்று நாள் என்றால், ஏன் கொண்டுவரவில்லை என்று கேட்பார். ஏன் என்றால் ஃபாரம். ஃபாரம் என்றால் பிரான்சு போச்சு. இவ்வளவும் ஒரு மூச்சு விடும் நேரத்தில் தலைக்குள் ஓடியது. டாக்டர் எழுதிக்கொண்டார். "நேத்துதான்னா சாதாரண வைரலா இருக்கும். ரத்தம் அனுப்புவோம். ஒரு டிரிப் போடட்டும். சாயங்காலம் வீட்டுக்குப் போயிடலாம்."

கா. 7.30. பெரியத்தா வந்தார். "பாப்பா, ஏதோ சி ஃபாரமாம், கேக்குறாங்க. எங்க வச்சிருக்க?"

"குடுக்கவே இல்ல பெரியத்தா."

"ஏன்?"

"வீடு உங்க பேர்ல. உங்க கையெழுத்து வேணும். நீங்க போட மாட்டீங்கன்னு..."

"என்கிட்ட கேட்டியா?"

"இல்ல."

"நீ கேட்டு நான் மாட்டேன்னு சொல்லியிருந்தா அது என் தப்பு. கேக்கவே இல்லியே, அது யாரு தப்பு?"

குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மேடத்துக்குப் போன் பண்ணச் சொன்னார். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். எனக்கு ஒன்பது நாள் ஓடியது.

கா. 9. ஆ. மேடம் ஃபாரத்தோடு வந்தார். பெரியத்தா கவுண்டரில் பேனா இரவல் வாங்கிப் போட்டார். முதல் கையெழுத்து கோணிக்கொண்டது, இன்னொரு தாள் கேட்டார். மேடம் என்னை ஓரமாக அழைத்துப் போய், "என் மூஞ்சியப் பாத்து 'குடுத்தாச்சு'ன்னு சொன்னியேம்மா" என்றார். அழுதேன். அவர் முகம் கொஞ்சம் இளகியது. "சரி. தாமதத்துக்கு நான் எழுதிக் குடுத்துக்கறேன். டாக்டரக் கேட்டேன், காய்ச்சல் நேத்துதான் வந்துச்சாமே. ஃபாரத்துல கோட்டை விட்டாலும் புள்ளய மறுநாளே கொண்டாந்துட்ட. அந்தப் பொறுப்புக்காக இந்த ஒரு தடவ விடறேன்."

"தேங்க்ஸ் மேடம்" என்றேன்.

மேலே இருக்கிற வரியைத் திரும்பப் படித்தேன். ஆமாம், அப்படித்தான் சொன்னேன்.

மதியம் 1. ரத்த ரிப்போர்ட் வந்தது. நர்ஸ் அக்கா தாளைப் பார்த்துக்கொண்டு பக்கத்திலிருந்தவரிடம், "ஒரு நாள் காய்ச்சலுக்கு பிளேட்லெட் இவ்ளோ எறங்காதே" என்றார். அடுத்த கட்டிலில் யாரோ ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்கள். எலீஸ் மூக்கோரத்தில் ஒரு சிவப்புக் கோடு. துடைத்தேன். திரும்ப வந்தது.

ஓடினேன். டாக்டர் லிஃப்ட் பக்கம் நின்றிருந்தார். "சார், நேத்து இல்ல சார். ஞாயித்துக்கெழம மத்தியானம்."

முழுசாகத் திரும்பினார். "ஞாயித்துக்கெழமையா?"

"நான் மாத்திச் சொல்லிட்டேன்."

"எத்தனாவது நாள்ங்கறத வச்சுத்தாம்மா நாங்க எல்லாத்தையும் பாக்கறோம். டெங்குல காய்ச்சல் விடற நேரம்தான் ஆபத்து. இன்னிக்கு விட்டிருக்கு பார்." அதற்கு மேல் என்னோடு பேசவில்லை, நடந்துகொண்டே யாரையோ கூப்பிட்டார். பத்து நிமிஷத்தில் ஐ.சி.யு.

மா. 5. அத்தா சேலத்திலிருந்து நேரே இங்கே வந்தார். சட்டையெல்லாம் தார்ப்பாய் வாசனை. என் தலையில் கை வைத்தார். எடுத்துவிடுங்கள் அத்தா என்று சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை.

நவ. 13, வியாழன்

உள்ளே விடவில்லை. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பாதம் போர்வைக்கு வெளியே. அவள் உயரத்துக்குக் கட்டில் போதவில்லை.

யா அல்லாஹ், அவள் பிழைக்கட்டும். பிரான்சு வேண்டாம். எனக்கு எதுவும் வேண்டாம்.

(மா. 6. வேண்டாம் என்று உண்மையாகத்தான் கேட்டேனா என்று பார்த்துக்கொண்டேன். முக்கால்வாசி உண்மை. நான் எப்பேர்ப்பட்டவள்!)

நவ. 14, வெள்ளி

ரத்தத்தில் பிளேட்லெட் இன்னும் ஏறவில்லை. ஆனால் இறங்கவும் இல்லை. டாக்டர் பெரியத்தாவிடம்தான் சொல்கிறார். என் பக்கம் பார்ப்பதில்லை.

அம்மா இரண்டு நாளாக நோன்பு. கேட்டால், "ஒனக்கு என்ன" என்கிறார்.

நவ. 16, ஞாயிறு

ஏறுகிறது! வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். எலீஸ் இரண்டு இட்லி சாப்பிட்டாள். பெரியத்தா அவளுக்கு பிரெஞ்சில் பேப்பர் படித்துக் காட்டினார், எல்லாம் தப்பான உச்சரிப்பாம், சிரித்தாள். நான் பாத்ரூம் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நன்றாக அழுதேன்.

வராந்தாவில் அத்தா: "மேடம் சொன்னாங்க, மறுநாளே நீதான் கொண்டாந்து சேத்தியாமே. தைரியமா இருந்திருக்க. சரி, ஜனவரில போய்ட்டு வா."

மூன்று மாதமாக நான் கேட்டுக்கொண்டிருந்த வார்த்தை. குதிக்க வேண்டிய நேரம். "சரித்தா" என்று தரையைப் பார்த்தேன். அம்மா ஃப்ளாஸ்க்கை மூடிக்கொண்டே, "மறுநாளா?" என்றார். யாரும் காதில் வாங்கவில்லை. அம்மா திரும்பக் கேட்கவில்லை.

நவ. 18, செவ்வாய்

எலீஸ் வீட்டுக்கு வந்துவிட்டாள். மெலிந்து, கன்னமெல்லாம் ஒட்டி. சாயங்காலம் அவள் அம்மா வீடியோ காலில். மேடம் அவருக்குப் பெரிய மெயில் அனுப்பியிருக்கிறார். அந்த அம்மா என்னைப் பார்த்ததும் அழுதுவிட்டார். நீ இல்லாவிட்டால் என் மகள் இல்லை, ஜனவரியில் வா, உனக்கு நான் என்னவெல்லாம் சமைக்கிறேன் பார் என்கிறார். நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். பக்கத்தில் எலீஸ் போர்வை நூலை இழுத்துக்கொண்டிருந்தாள்.

நவ. 20, வியாழன்

தூறல். கல் அளக்கும் வேலை பாதியில் நிற்கிறது, இனி முடியாது. மாடியில் துணி மடித்துக்கொண்டிருந்தோம். எலீஸ் திடீரென்று:

"டாக்டரிடம் என்ன சொன்னாய்?"

எனக்குப் புரியாதது போல, "எப்போது?" என்றேன். அதுவும் ஒரு பொய்.

"நான் மூன்று விரல் காட்டினேன். நீ மடக்கினாய். அப்போது மயக்கமாக இருந்தேன், ஆனால் அது ஞாபகம் இருக்கிறது. என் கேஸ் ஷீட்டில் முதலில் 'நேற்று' என்று இருக்கிறது. அப்புறம் அடித்துவிட்டு 'ஞாயிறு'. அம்மாவுக்கு வந்த மெயிலில் மறுபடி 'நேற்று'."

சொன்னேன். ஃபாரம், பெரியத்தா, பச்சை டிக், போலீஸ், மெடிக்கல் ஷாப், எல்லாம். பிரெஞ்சில் சொல்ல வராத இடத்தில் தமிழில் சொன்னேன், அவள் நிறுத்தவில்லை. கடைசியில், "மன்னிச்சுடு" என்றேன். அதைத் தமிழில்தான் சொன்னேன்.

"டாக்டரிடம் நீயே போய் உண்மையைச் சொன்னாயா, அவர்கள் கண்டுபிடித்தார்களா?"

"நானே. ஆறு மணி நேரம் கழித்து."

"மேடத்திடம்?"

"இல்லை."

அவள் துணியை மடித்து முடித்தாள். ஒவ்வொன்றாக. அப்புறம் கீழே போய் அம்மாவோடு உட்கார்ந்து பூண்டு உரித்தாள். திட்டியிருக்கலாம். நாலு அறை கொடுத்திருக்கலாம், வாங்கிக்கொண்டிருப்பேன்.

நவ. 21, வெள்ளி

எலீஸ் என்னோடு பேசுகிறாள். உப்பு எங்கே, டவல் எங்கே, மழை நின்றதா. அவ்வளவுதான்.

மேசையில் ஒப்புதல் தாள். காலையில் இருந்த இடத்திலேயே இருக்கிறது. போகும்போதும் வரும்போதும் பார்க்கிறேன். கையெழுத்து இல்லை. போடாவிட்டால் அதுதான் நியாயம் என்று எனக்கு நானே சொல்கிறேன். சொல்லிவிட்டு மறுபடி போய்ப் பார்க்கிறேன்.

நவ. 22, சனி

கிளம்பிவிட்டாள். கா. 10-க்கு சென்னைக்குக் கார். அம்மா முறுக்கு டப்பா, பெரியத்தா ஒரு லுங்கி. (அவளே கேட்டது!) அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். பெரியத்தா அவள் தலையில் கை வைத்து துவா ஓதினார். அத்தா பெட்டியைத் தார்ப்பாயில் சுற்றிக் கட்டியே தீருவேன் என்று நின்றார், கட்டினார்.

என்னிடம் ஒரு கவர் கொடுத்தாள். ஒட்டவில்லை. "மேடத்திடம் கொடு. படித்துவிட்டுக் கொடு." கன்னத்தில் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, அவர்கள் வழக்கம். கார் போய்விட்டது.

மாடியில் பிரித்தேன். கையெழுத்துப் போட்டிருக்கிறாள். சம்மதம் என்ற கட்டத்தில் டிக். அதற்குக் கீழே காலி இடத்தில் அவள் கையால் ஒரு வரி:

'நஸ்ரினுக்கு எங்கள் வீட்டில் காய்ச்சல் வந்தால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவோம்.'

இன்னொரு தடவை படித்தேன்.

வா என்கிறாளா? நீ செய்ததை நான் செய்ய மாட்டேன் என்கிறாளா? இரண்டும்தான். இதை மேடம் படிப்பார். எலீசுக்குத் தெரியும் மேடம் படிப்பார் என்று.

நவ. 23, ஞாயிறு

காலேஜ் ஆபீசில் இதே தாள் காலியாக நிறைய இருக்கிறது. புதிதாக ஒன்று எடுத்து, எலீசுக்கு அனுப்பி, அந்த வரி இல்லாமல் கேட்டால்? அல்லது கீழ்ப் பக்கம் மடித்து ஜெராக்ஸ்? யோசித்தேன். இதையெல்லாம் யோசித்தேன் என்று எழுதி வைக்கிறேன்.

பெரியத்தா கதவருகில் வந்து நின்றார். "என்ன பாப்பா, அந்தப் புள்ள கையெழுத்துப் போட்டுச்சா?"

"போட்டுட்டா."

"அப்பறம் ஏன் எழவு விழுந்த மாதிரி உக்காந்திருக்க?"

தாளை நீட்டினேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தார். இரண்டு தடவை. அவருக்கு பிரெஞ்சு தெரியும். ஆஸ்பத்திரியில் நான் சொன்ன 'நேற்று' அவருக்குத் தெரியாது. "இதுல என்ன? நல்லதுதான எழுதியிருக்கு" என்று திருப்பிக் கொடுத்தார். படியிறங்கும் சத்தம் கேட்டது. பாதியில் நின்றது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் மறுபடி இறங்கினார்.

நவ. 24, திங்கள்

வெயில். முதல் பீரியட் இல்லை. கா. 9.10, துறை அறை. மேடம் விசா பேப்பர்களை அடுக்கிக்கொண்டிருந்தார். என் பெயர் எழுதிய ஃபைல் மேலே இருந்தது. "எங்க, எலீஸ் தாளு? குடு, இன்னிக்கே அனுப்பிடறேன்."

கொடுத்தேன். டிக்கைப் பார்த்தார், கையெழுத்தைப் பார்த்தார், சிரித்தார். கீழே வந்தார். சிரிப்பு நின்றது.

"எதுக்கு இத எழுதியிருக்கா?"

எலீஸ் சும்மா அன்பாக எழுதியிருக்கிறாள் மேடம் என்று ஒரு பதில் வாய் வரைக்கும் வந்தது. நல்ல பதில். நம்பியும் இருப்பார்.

"கதவ சாத்தட்டுமா மேடம்?"

என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் தலையாட்டினார். சாத்தினேன். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை.

"காய்ச்சல் செவ்வாக்கெழம வரல மேடம். ஞாயித்துக்கெழம மத்தியானமே வந்துடுச்சு" என்றேன்.